பொதுச் சார்பியலை எல்லாருக்கும் புரியும்படி சொல்ல எந்த வழி? நான்கு தொடக்கங்களும் என் தேர்வும்

கிளை நூலகத்திலோ பள்ளியிலோ, மொட்டை மாடியில் நட்சத்திரம் பார்க்கக் கூடும் கூட்டத்திலோ, “ஐன்ஸ்டைன் சொன்ன ஈர்ப்பைப் பற்றி எங்களுக்குப் புரியும்படி ஒரு மணி நேரம் பேசுங்கள்” என்று கூப்பிடுகிறார்கள். நீங்களும் சரி என்று சொல்லிவிட்டீர்கள். அந்த ஈர்ப்புக் கோட்பாடான பொதுச் சார்பியலின் கணிதம் முதுகலை இயற்பியலில்தான் முழுப் பாடமாக வருகிறது. அதை மேடைக்குக் கொண்டுபோக வழியில்லை. அப்படியானால் எதில் தொடங்குவது?

இதைப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் நான்கில் ஒன்றைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். இழுத்துக் கட்டிய ரப்பர் விரிப்பில் குண்டை வைத்துக் காட்டுவது ஒன்று. 1919 கிரகணத்தைக் கதையாகச் சொல்வது ஒன்று. விழுகிற மனிதனுக்குத் தன் எடை தெரியாது என்பதிலிருந்து ஆரம்பிப்பது ஒன்று. உயரத்தில் இருக்கும் கடிகாரம் வேகமாக ஓடுகிறது என்பதிலிருந்து ஆரம்பிப்பது இன்னொன்று.

கைதட்டலை வைத்து அளந்தால் ரப்பர் விரிப்பு எப்போதும் ஜெயிக்கும். நான் பார்ப்பது இரண்டாவது கேள்வியை. விளக்கத்தைக் கேட்டு, மனதில் வாங்கிக்கொண்டு, கொஞ்சம் யோசித்துவிட்டு ஒருவர் கையைத் தூக்கி, “அப்படின்னா…” என்று ஆரம்பிப்பாரே, அந்தக் கேள்வி. நாம் சொன்ன விளக்கத்தை வைத்தே அதற்குப் பதில் சொல்ல முடிந்தால் அந்த வழி நல்ல வழி. “அதை அவ்வளவு தூரம் எடுத்துக்கொண்டு போகக்கூடாது, அது ஒரு உவமைதான்” என்று பின்வாங்க நேர்ந்தால், நன்றாக யோசித்த ஒரே காரணத்துக்காக அவரை உட்கார வைத்துவிடுகிறோம். அடுத்த முறை அவர் கை தூக்க மாட்டார். எனக்கு இது பெரிய விஷயம்.

ரப்பர் விரிப்பின் நல்ல பக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு வளையம், நன்றாக இழுபடும் துணி, நடுவில் வைக்க ஒரு இரும்புக் குண்டு, சுற்றிவர சில கோலிகள் போதும். செலவு குறைவு. இரண்டே நிமிடத்தில் கோலி குண்டைச் சுற்றி வர ஆரம்பித்துவிடும், பிள்ளைகள் வரிசை கட்டி நிற்பார்கள். ‘சூரியன் பூமியைக் கயிறு கட்டி இழுக்கவில்லை, சூரியன் இருப்பதால் அதைச் சுற்றியுள்ள வெளியின் வடிவம் மாறுகிறது, பூமி அந்த வடிவத்தின் வழியே போகிறது’ என்ற எண்ணம் பேச்சே இல்லாமல் பார்ப்பவர்களிடம் போய்ச் சேர்கிறது. இதைச் சாதாரணமாக நினைக்க முடியாது.

ஆனால் இரண்டாவது கேள்வி வந்துவிடும். “கோலி ஏன் பள்ளத்துக்குள்ள உருளுது?” பூமி அதைக் கீழே இழுப்பதால்தான் உருளுகிறது. ஈர்ப்பை விளக்கக் கொண்டுவந்த சாதனமே ஈர்ப்பை நம்பி ஓடுகிறது. இதே விரிப்பைச் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு எடுத்துப் போனால் குண்டு பள்ளத்தை உண்டாக்காது, கோலியும் உருளாது. அளந்து பார்க்கத் தெரிந்த மாணவர் இருந்தால் இன்னொன்றையும் பிடித்துவிடுவார்: விரிப்பில் சுற்றும் கோலி, கோள்கள் சுற்றும் முறையைச் சொல்லும் கெப்ளர் விதிப்படி சுற்றுவதில்லை.

இவற்றையாவது சமாளிக்கலாம். விரிப்பால் தாங்கவே முடியாத கேள்வி வேறு: “கையில் அசையாமல் பிடித்திருந்த கல்லை விட்டால் அது ஏன் நகர ஆரம்பிக்கிறது?” வளைந்திருப்பது இடம் மட்டும்தான் என்றால், ஓய்வில் இருக்கும் கல்லுக்கு நகரக் காரணமே இல்லை; ஓடுகிற பொருளின் பாதையைத்தான் இடத்தின் வளைவு திருப்பும். கல் இடத்தில் அசையாவிட்டாலும் காலத்தில் போய்க்கொண்டுதான் இருக்கிறது. அதுவும் கொஞ்ச தூரம் இல்லை. ஒரு வினாடியை ஒளியின் வேகத்தால் தூரமாக மாற்றினால் 3 லட்சம் கிலோமீட்டர். அதே ஒரு வினாடியில் கல் விழுவது 4.9 மீட்டர். நம் அன்றாட வாழ்க்கையில் ஈர்ப்பு என்று நாம் அறிவது, தேங்காய் விழுவதும் நிலா சுற்றுவதும் உட்பட, ஏறக்குறைய முழுக்க முழுக்கக் காலத்தின் பக்கத்தில் ஏற்படும் மாற்றத்தால் வருவது. ரப்பர் விரிப்பில் காலமே கிடையாது. எது வேலையின் பெரும்பகுதியைச் செய்கிறதோ, அதை விட்டுவிட்டு மீதியைக் காட்டும் படம் அது.

வரலாற்று வழிக்கு வருவோம். இது மனதைப் பிடிக்கும் வழி, அதற்குத் தகுந்த சரக்கும் இருக்கிறது. 1911-இல் ஐன்ஸ்டைன், சூரியனை ஒட்டி வரும் விண்மீன் ஒளி எவ்வளவு வளையும் என்று ஒரு கணக்குப் போட்டார். அப்போது கிடைத்தது 0.83 வில்வினாடி (ஒரு பாகையை 3,600 ஆகப் பிரித்தால் ஒரு பங்குதான் வில்வினாடி). அதைச் சோதிக்க 1914 கிரகணத்தை நோக்கிக் கிரிமியாவுக்குப் போன ஜெர்மன் குழு, உலகப் போர் வெடித்ததில் காரியம் நடக்காமல் போயிற்று. 1915 நவம்பரில் கோட்பாடு முழுமை பெற்றபோது விடை இரண்டு மடங்காகி 1.7-ஐத் தொட்டது. 1919 மே 29 அன்று முழுச் சூரிய கிரகணம். ஆங்கிலேய வானியலாளர் எடிங்டன் ஆப்பிரிக்கக் கரையோரம் உள்ள பிரின்சிபி தீவில்; இன்னொரு குழு பிரேசிலின் சோப்ராலில். சோப்ராலின் சிறந்த படத்தகடுகள் 1.98 என்றன, பிரின்சிபியில் 1.61. அந்த ஆண்டு நவம்பர் 6-ஆம் தேதி லண்டனில் முடிவுகள் அறிவிக்கப்பட்டன. ஒரே இரவில் ஐன்ஸ்டைன் உலகப் புகழ் பெற்றார்.

தமிழ்க் கூட்டத்தில் இந்தக் கதைக்கு இன்னொரு கிளையும் இருக்கிறது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சந்திரசேகர், 1930-இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது, எரிபொருள் தீர்ந்து சுருங்கிப்போன வெண்குள்ள விண்மீனின் நிறைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு என்று கணக்கிட்டார். இன்றைய மதிப்பில் சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு. 1935 ஜனவரியில் லண்டனில் அவர் அதை முன்வைத்த கூட்டத்திலேயே, அடுத்துப் பேசிய எடிங்டன் அதை வெளிப்படையாக நிராகரித்தார். ஐன்ஸ்டைனுக்காகத் தீவுக்குப் போன அதே எடிங்டன். சந்திரசேகருக்கு நோபல் பரிசு வந்தது 1983-இல். இதைச் சொல்லி முடிக்கும்போது அரங்கில் ஒரு சத்தமும் இருக்காது.

அங்கேதான் எனக்குத் தயக்கம். கதை நன்றாகப் போகிறது, கோட்பாடு பின்னால் நின்றுவிடுகிறது. கேட்டவர்களுக்குப் போரும் தீவும் அவமதிப்பும் ஞாபகம் இருக்கும்; ஒளி ஏன் வளைந்தது என்று கேட்டால் “ஐன்ஸ்டைன் சொன்னார், சரியாக இருந்தது” என்பார்கள். அறிவியலைச் சான்றிதழாக மட்டும் எடுத்துக்கொண்டு போகிறார்கள். 0.83 எப்படி இரண்டு மடங்காயிற்று என்பதுதான் இந்தக் கதையின் உயிர். முதல் கணக்கில் காலத்தின் பங்கு மட்டும் இருந்தது. 1915-இல் இடத்தின் வளைவும் சேர்ந்தது. ஒளி இடத்திலும் அவ்வளவு வேகத்தில் ஓடுவதால் இரண்டும் சரிபாதி ஆனது. மெதுவாகப் போகும் கல்லுக்கு அந்த இரண்டாம் பாதி கணக்கில் கொள்ளத் தேவையில்லாத அளவு சிறியது. இதைச் சொல்லாமல் 1919-ஐச் சொல்வதில் எனக்கு விருப்பமில்லை. ஆனால் காலத்தின் பங்கு என்றால் என்னவென்று முன்பே தெரிந்தவருக்குத்தான் இதைச் சொல்ல முடியும். ஆகவே கதை தொடக்கமாக நிற்காது. நடுவிலோ கடைசியிலோ வரலாம்.

இனி விழுதல். 1907-இல் பெர்ன் நகரக் காப்புரிமை அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, கூரையிலிருந்து விழும் ஒருவனுக்கு விழும் நேரத்தில் தன் எடை தெரியாது என்று ஐன்ஸ்டைனுக்குத் தோன்றியது. தன் வாழ்க்கையின் மிக மகிழ்ச்சியான எண்ணம் என்று பின்னாளில் அதைப் பற்றி எழுதினார். கோட்பாடு உண்மையில் பிறந்த இடம் இதுதான், அதனால் இந்த வழியில் போகிறவர் எதையும் திரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

இதற்குத் தேவையான கருவி ஒரு பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில். அடிப்பக்கத்தில் ஆணியால் ஒரு துளை போட்டு, தண்ணீர் நிரப்பி, மூடியைத் திறந்து பிடித்தால் துளையிலிருந்து பீய்ச்சி அடிக்கும். உயரத்திலிருந்து கையை விடுங்கள். விழுந்துகொண்டிருக்கும்போது தண்ணீர் வெளியே வராது. கைப்பேசியில் மெதுவோட்ட வீடியோ எடுத்துத் திரும்பக் காட்டினால் கடைசி வரிசைக்கும் தெரியும். செய்து காட்டும் முன்பே “என்ன ஆகும்?” என்று கூட்டத்தைக் கேட்டுவிட வேண்டும். பதில் இரண்டாகப் பிரியும், பிரிந்தால்தான் நல்லது. பாட்டிலும் தண்ணீரும் ஒரே மாதிரி விழுகின்றன. ஒன்றை ஒன்று அழுத்துவதில்லை. அதனால் பீய்ச்ச ஒன்றுமில்லை. விழுகிற பாட்டிலுக்குள் ஈர்ப்பு காணாமல் போய்விட்டது.

“விண்வெளி நிலையத்திலும் இப்படித்தானா?” என்று கேள்வி வரும். ஆம். அங்கே ஈர்ப்பு இல்லாததால் மிதக்கிறார்கள் என்று பாதிப் பேர் நம்பிக்கொண்டிருப்பார்கள். 400 கிலோமீட்டர் உயரத்தில் ஈர்ப்பு தரையில் இருப்பதில் கிட்டத்தட்ட 90 சதவீதம் இருக்கிறது. நிலையமும் அவர்களும் சேர்ந்தே விழுந்துகொண்டிருக்கிறார்கள். விளக்கத்தை மாற்றாமலே பதில் வந்துவிட்டது.

அடுத்த கேள்விக்கும் இந்த வழி தாங்கும். “விழுகிறவருக்கு ஈர்ப்பே தெரியாதுன்னா, ஈர்ப்புன்னு ஒண்ணு நிஜமா இருக்கா?” எனக்கு மிகப் பிடித்த கேள்வி இது. இரண்டு கற்களைப் பக்கத்தில் பக்கத்தில் மிக உயரத்திலிருந்து விடுவதாக நினைத்துக்கொள்ளச் சொல்லலாம். இரண்டும் பூமியின் மையத்தை நோக்கியே விழும், ஆகவே விழ விழ ஒன்றை ஒன்று நெருங்கும். ஒன்றையொன்று இழுக்கவும் இல்லை, யாரும் தள்ளவும் இல்லை. நிலநடுக்கோட்டில் அடுத்தடுத்து நின்று இரண்டு பேர் நேர் வடக்காக நடந்தால் வடதுருவத்தில் முட்டிக்கொள்வார்களே, அதைப் போல. அவர்களைச் சேர்த்தது விசை இல்லை, தரையின் வளைவு. கற்களைச் சேர்ப்பது, காலமும் இடமும் சேர்ந்த கால-வெளியின் வளைவு. எவ்வளவு வேகமாக விழுந்தாலும் மறைக்க முடியாமல் மிஞ்சும் ஈர்ப்பு அதுதான். கடலில் ஓதம், அதாவது கடல் மட்டத்தின் ஏற்ற இறக்கம், எழுவதும் அதனால்தான். ரப்பர் விரிப்பு காட்ட நினைத்த வளைவு இங்கே வந்துவிட்டது, அதுவும் யாரையும் ஏமாற்றாமல்.

கடிகார வழியைப் பற்றிப் பேசும்போது பலரும் நேராக ஜி.பி.எஸ்.ஸுக்குப் போகிறார்கள். போகலாம், தகவல் உறுதியானது. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் அந்தச் செயற்கைக்கோள்களின் கடிகாரம், பூமியின் ஈர்ப்பிலிருந்து விலகியிருப்பதால் நாளொன்றுக்கு 45 மைக்ரோ வினாடி முந்தும், ஓடும் வேகத்தால் 7 மைக்ரோ வினாடி பிந்தும், மிச்சம் 38. 1977-இல் அனுப்பிய சோதனைச் செயற்கைக்கோளில் இந்தத் திருத்தத்தைச் செய்யாமல் முதல் 20 நாள் ஓடவிட்டுப் பார்த்தார்கள். கோட்பாடு சொன்ன அளவில் நூற்றுக்கு ஒரு பங்குக்குள் பொருந்தியது. இன்று கடிகாரங்களை ஏவும் முன்பே அந்த அளவு மெதுவாக வைத்து அனுப்புகிறார்கள்.

ஆனால் “ஐன்ஸ்டைன் இல்லாவிட்டால் உங்கள் வரைபடம் ஒரு நாளில் 11 கிலோமீட்டர் தவறிவிடும்” என்று அடிக்கடி சொல்லப்படும் வாசகத்தை நான் சொல்ல மாட்டேன். 38 மைக்ரோ வினாடியில் ஒளி 11 கிலோமீட்டர் போகும் என்பது உண்மை. எல்லாக் கடிகாரங்களும் ஒரே அளவில் பிசகினால் அந்தப் பிசகில் பெரும்பகுதி கணக்கிலேயே கழிந்துவிடும், ஏனென்றால் கைப்பேசி நான்காவது செயற்கைக்கோளின் உதவியோடு தன் சொந்த நேரத்தையும் சேர்த்தே கண்டுபிடிக்கிறது. கூட்டத்தில் ஒரு தொலைத்தொடர்புப் பொறியாளர் இருந்தால் போதும், அவருடைய இரண்டாவது கேள்வியில் அந்த 11 கிலோமீட்டர் கரைந்துவிடும். நேரத்தைத் துல்லியமாகப் பரப்புவதுதான் அந்த அமைப்பின் அடிப்படை வேலை, அதற்குச் சார்பியல் தேவை என்று சொன்னால் அப்படியே நிற்கும்.

நம் பக்கத்து எடுத்துக்காட்டு இதைவிட நெருக்கமாக இருக்கும். கொடைக்கானல் வானாய்வகம் சுமார் 2,340 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே வைத்த கடிகாரம் மெரினா கடற்கரையில் வைத்ததைவிட நாளொன்றுக்கு 22 நானோ வினாடி அளவுக்கு முந்தும். இந்தக் கணக்கை மேடையிலேயே போட்டுக் காட்டலாம்: ஒரு மீட்டர் உயர்ந்தால் ஏறக்குறைய 10 ஆயிரம் டிரில்லியனில் ஒரு பங்கு, அவ்வளவுதான் வாய்ப்பாடு. அதோடு, 1911 முதல் 1923 வரை அங்கே இயக்குநராக இருந்த எவர்ஷெட், சூரிய ஒளியின் நிறமாலைக் கோடுகள் (ஒளியை நிறங்களாகப் பிரித்தால் தெரியும் கருங்கோடுகள்) சிவப்புப் பக்கம் எவ்வளவு விலகியிருக்கின்றன என்று வருடக்கணக்கில் அளந்தவர். சூரியப் பரப்பில் காலம் நம்முடையதைவிட மெதுவாக ஓடுகிறது, பத்து லட்சத்தில் இரண்டு பங்கு, அதாவது வருடத்துக்கு ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல். அதைக் காட்டும் சுவடு அந்த விலகல். சூரியனில் மேலும் கீழும் ஓடும் வாயுவின் அசைவும் கோடுகளை நகர்த்துவதால் அளவீடு குழம்பியது. சுத்தமாகப் பிரித்தெடுக்கப் பல பத்தாண்டுகள் ஆயின. 1959–60-இல் பவுண்ட், ரெப்கா என்ற இரண்டு இயற்பியலாளர்கள் ஹார்வர்டில் 22.5 மீட்டர் உயரக் கட்டடம் ஒன்றுக்குள்ளேயே இந்த விளைவை அளந்தார்கள். 2010-இல் அமெரிக்காவில் 33 சென்டிமீட்டர் உயர வித்தியாசத்துக்கே கடிகாரங்கள் வேறுபடுவதைக் காட்டினார்கள். ஏறக்குறைய இரண்டு மாடிப்படி உயரம்தான்.

கடிகார வழியின் குறை, ‘ஏன்’ என்று கேட்டால் அது தனியாக நின்று பதில் சொல்லாது. உயரத்தில் ஏன் வேகமாக ஓட வேண்டும்? அதற்கு விழுதல் வழி வேண்டும். மேல்நோக்கி வேகமெடுத்துக்கொண்டே போகும் ராக்கெட்டில், கூரையிலிருந்து வினாடிக்கு ஒரு முறை ஒளி மின்னுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒளி தரையை நோக்கி வந்துகொண்டிருக்கும்போதே தரை வேகம் கூடி எதிர்கொண்டு வருகிறது. ஆகவே தரையில் நிற்பவருக்கு மின்னல்கள் ஒரு வினாடிக்கும் குறைந்த இடைவெளியில் வந்து சேரும். கூரைக் கடிகாரம் வேகமாக ஓடுகிறது என்பார். பாட்டில் காட்டியதன் மறுபக்கம் இது: விழுந்தால் ஈர்ப்பு மறைகிறது, வேகமெடுத்தால் ஈர்ப்பைப் போலவே தோன்றுகிறது; ஆகவே வேகமெடுக்கும் ராக்கெட்டையும் பூமியில் நிற்கும் அறையையும் உள்ளிருந்து பிரித்தறிய முடியாது. ஆக, பூமியிலும் அப்படித்தான். இரண்டு மாணவர்களை எழுப்பி, ஒருவரைத் தாளத்தில் பந்து எறியவும் இன்னொருவரை வேகம் கூட்டிக்கொண்டே அவரை நோக்கி நடக்கவும் சொன்னால், சமன்பாடு எழுதாமலே இதை நடத்திக் காட்டலாம்.

இங்கே நின்றுவிடாமல் ஒரு படி மேலே போகலாம். சுதந்திரமாகப் போகும் பொருள், புறப்படும் இடமும் நேரமும் சேரும் இடமும் நேரமும் குறித்தாகிவிட்டால், அவற்றுக்கு இடையில் தன் சொந்தக் கடிகாரம் அதிகபட்சம் ஓடும் பாதையில் போகிறது. மேலே எறிந்த கல் உயரம் போனால் காலம் வேகமாக ஓடும், லாபம். ரொம்ப உயரம் போய்த் திரும்ப வேண்டுமென்றால் ரொம்ப வேகமாகப் போக வேண்டும், வேகம் கடிகாரத்தை மெதுவாக்கும், நஷ்டம். இரண்டுக்கும் நடுவே சரியாகப் பொருந்தும் பாதைதான் நாம் பார்க்கும் அந்த வளைவு. விரிப்பால் பதில் சொல்ல முடியாமல் போன கல், இங்கே தானே கீழே இறங்கி வருகிறது.

கருந்துளைக் கேள்வி எப்படியும் வரும். விரிப்பில் தொடங்கியவர்கள் அதை எல்லாவற்றையும் உறிஞ்சும் ஓட்டையாக எடுத்துக்கொள்கிறார்கள். சூரியன் இருக்கும் இடத்தில் அதே நிறையுள்ள கருந்துளையை வைத்தால் பூமி இப்போது சுற்றும் பாதையிலேயே சுற்றும். கடிகாரத்தில் வந்தவர்களிடம், தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு எந்த எல்லையை நெருங்க நெருங்கக் கடிகாரம் நிற்கும் அளவுக்கு மெதுவாகத் தெரிகிறதோ அதுதான் கருந்துளையின் எல்லை என்று சொன்னால் போதும்.

ஆகவே ஒரு மணி நேரம் கிடைத்தால் என் தேர்வு இது: விழுதலில் தொடங்கி இருபது, இருபத்தைந்து நிமிடம், அதிலிருந்து ராக்கெட் வழியாகக் கடிகாரத்துக்கு அதே அளவு, மிச்சத்தில் 1919-ஐ, அந்த ‘இரண்டு மடங்கு’ காரணத்தோடு. சந்திரசேகருக்குத் தனியாக ஒரு மாலை ஒதுக்குங்கள். இதன் நடுவில் அவரைத் திணித்தால் அவருக்கும் நியாயம் செய்ய முடியாது.

வேறு சூழலில் வேறு தீர்ப்பு. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாட்டிலும் விண்வெளி நிலையமும் மட்டும் போதும். காலத்தைத் தொட வேண்டாம். வானொலியிலோ கைப்பேசிக் காணொளியிலோ ஐந்து நிமிடம் என்றால் கடிகாரம், அதுவும் கொடைக்கானல் கணக்கோடு. காட்ட எதுவும் தேவைப்படாத வழி அது. கல்லூரியில் அறிவியல் படிக்காத மாணவர்கள் என்றால் 1919-ஐ முன்னால் கொண்டுவரலாம், கேள்வியோடு நிறுத்திவிட்டு: ஏன் இரண்டு மடங்கு?

அறிவியல் கண்காட்சியில் ஆட்கள் நகர்ந்துகொண்டே இருக்கும் இடத்துக்கு மட்டும் ரப்பர் விரிப்பைச் சம்மதிப்பேன். அங்கே ஒருவர் நம் முன்னால் நிற்பது ஒன்றிரண்டு நிமிடம்தான். அப்போதும் விரிப்புக்குப் பக்கத்தில் ஒரு அட்டையில், ‘கோலியை உள்ளே உருட்டுவது பூமியின் ஈர்ப்பு. இந்தத் துணி இடத்தின் வளைவை மட்டும் காட்டுகிறது. காலத்தை இதில் காட்ட முடியாது’ என்று பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும். அதைப் படித்துவிட்டுக் கேள்வியோடு திரும்பி வருகிறவருக்காக, மேசைக்குக் கீழே துளை போட்ட பாட்டிலும் ஒரு வாளியும் தயாராக இருக்கட்டும்.